முதலாளிக்கு அடுத்த நாற்காலி யாருக்கு?

திருப்பூரில் முப்பது, நாற்பது மெஷின் வைத்து ஜாப் ஒர்க் செய்யும், அதாவது வேறு கம்பெனிகளின் ஆர்டரைக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் பனியன் யூனிட்டுகளில் காலையில் ஷிப்ட் தொடங்கியதும் எல்லாக் கேள்வியும் ஒரே ஆளிடம்தான் போகிறது. ஓவர்லாக் மெஷின் நின்றுவிட்டது, நூல் நிறம் துணியோடு ஒத்துப்போகவில்லை, கட்டிங்கில் ஒரு சைஸ் குறைகிறது, டைலர் ஒருவர் அட்வான்ஸ் கேட்கிறார், ஆர்டர் கொடுத்த கம்பெனியிலிருந்து அந்த ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் வந்து காத்திருக்கிறார். பத்து மெஷின் இருந்தபோது இதையெல்லாம் முதலாளி ஒருவரே பார்த்துக்கொள்ள முடிந்தது. நாற்பது மெஷின் ஆன பிறகு முடியவில்லை.

இப்படி மாட்டிக்கொண்டவர்கள் கேட்கும் கேள்வி ஏறக்குறைய ஒன்றுதான். “மகனையோ தம்பியையோ உள்ளே கொண்டுவரட்டுமா? பல வருடமாக இருக்கும் சூப்பர்வைசரையே மேனேஜர் ஆக்கட்டுமா? வெளியிலிருந்து அனுபவமுள்ள ஒருவரை எடுக்கட்டுமா? இல்லை, இன்னும் கொஞ்ச நாள் நானே சமாளிக்கட்டுமா?” நான்கு வழியிலும் நன்றாக ஓடும் யூனிட்டுகள் இருக்கின்றன, நொடித்துப் போனவையும் இருக்கின்றன. ஆளைத் தேடுவதற்கு முன்னால் எந்த முடிவை எடுக்கும் உரிமையைக் கைமாற்றப் போகிறோம் என்று தீர்மானித்தார்களா என்பதில்தான் வித்தியாசம் இருக்கிறது.

## நாற்காலியில் என்னென்ன வேலை இருக்கிறது

ஒரு சிறு யூனிட்டின் தலைமைப் பொறுப்பை நான்கு கட்டாகப் பிரிக்கலாம். முதலாவது வியாபாரம்: ஆர்டர் பிடிப்பது, ரேட் பேசுவது, டெலிவரி தேதிக்கு வாக்குக் கொடுப்பது. இரண்டாவது தளம்: எந்த லைனில் (மெஷின் வரிசையில்) எந்த ஸ்டைல் ஓட வேண்டும், தரம் சரியா, மெஷின் சரியா. மூன்றாவது ஆட்கள்: சேர்ப்பது, நிறுத்துவது, பீஸ் ரேட் (தைத்த எண்ணிக்கைக்கு ஏற்ற கூலி), அட்வான்ஸ், லீவு, தீபாவளி போனஸ். நான்காவது பணம்: பில், வசூல், சனிக்கிழமைக் கூலி, ஜி.எஸ்.டி., வங்கி.

இந்த நான்கும் ஒரே உடம்பில் இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமே, தொழிற்சாலையின் இறுதிக் கட்டுப்பாட்டைக் கையில் வைத்திருப்பவர் ஒருவர், அன்றாடம் நடத்தும் மேனேஜர் இன்னொருவர் என்று இரண்டு பொறுப்புகளைத் தனித்தனியாகவே வைத்தது. கூட்டு நிறுவனமாக (பார்ட்னர்ஷிப்) இருந்தால் பங்குதாரர் யாராவது ஒருவர் முதல் பொறுப்புக்கு உரியவர். மேனேஜர் யார் என்பதைத் தனியாக அறிவிக்க வேண்டும். நம் யூனிட்டுகளில் பலவற்றில் இந்த இரண்டாவது பெயரைப் படிவத்தில் மட்டும் நிரப்பிவிட்டு, அந்த ஆளிடம் ஐநூறு ரூபாய்க்கு ஊசி வாங்கும் அதிகாரத்தைக்கூடக் கொடுப்பதில்லை. தவறு நடந்தால் பதில் சொல்ல வேண்டியவர் அவர், தவறைத் தடுக்கும் உரிமை மட்டும் அவருக்குக் கிடையாது. இதைவிட ஒரு மனிதரை வேகமாகச் சோர்வடைய வைக்கும் ஏற்பாடு வேறில்லை.

## எதை வைத்து எடை போடுவது

ஐந்து கேள்விகள் போதும்.

முதலாளி மூன்று நாள் ஊரில் இல்லாவிட்டால் டெஸ்பாச் நடக்குமா? டைலர்களும் செக்கிங் பெண்களும் இவர் சொல்வதைக் கேட்பார்களா? பணத்தை நம்பி ஒப்படைக்க முடியுமா? சம்பளத்துக்கு மேல் கண்ணுக்குத் தெரியாமல் என்ன செலவாகிறது? ஒத்துவரவில்லை என்றால் எவ்வளவு சேதத்தோடு பிரிய முடியும்?

ஐந்தாவது கேள்வியைப் பெரும்பாலானவர்கள் கேட்பதே இல்லை. நான் அதைத்தான் முதலில் கேட்பேன்.

## ஒன்று: எல்லாம் நானே

இதற்குச் செலவே இல்லை என்பதுபோலத் தோன்றும். உண்மையில் கணக்கில் ஏறாத செலவு அதிகம் உள்ள வழி இதுதான், ஏனென்றால் முதலாளி தளத்தில் நிற்கும் நேரத்தில் வசூல் நின்றுபோகிறது.

குறு, சிறு நிறுவனத்துக்குத் தர வேண்டிய பணத்தை ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளிலும், இல்லாவிட்டால் 15 நாளிலும் கொடுக்க வேண்டும் என்கிறது 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டம். தாமதித்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப்போல மூன்று மடங்கு வட்டி, மாதாமாதம் கூட்டு வட்டியாகச் சேரும். கெடுவுக்குள் கொடுக்காத தொகையை வாங்கியவர் அந்த ஆண்டுச் செலவாகக் காட்ட முடியாது என்ற வருமான வரி விதியும் 2024 ஏப்ரல் முதல் சேர்ந்துகொண்டது. இவ்வளவு ஆயுதம் கையில் இருந்தும், சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவான உத்யம் எண்ணைப் பில்லில் அச்சிட்டு, நாளைக் குறித்து வைத்து, போன் செய்து கேட்க ஓர் ஆள் வேண்டும். 15 லட்சம் ரூபாய் இரண்டு மாதம் தாமதமாக வந்தால், வங்கிக் கடனுக்கு 12 சதவீத வட்டி என்ற கணக்கில் 30,000 ரூபாய் போகிறது. ஒரு நல்ல சூப்பர்வைசரின் ஒரு மாதச் சம்பளத்துக்கு அது அருகில் வந்துவிடும்.

இன்னொரு இழப்பும் உண்டு. 2025 ஆகஸ்ட் இறுதியில் அமெரிக்காவின் 50 சதவீத வரி நடைமுறைக்கு வந்தபோது, அந்த நாட்டு ஆர்டரை நம்பியிருந்தவர்கள் உடனே வேறு வேலை தேட வேண்டியிருந்தது. வெளியே போய் நான்கு கம்பெனிகளின் படியேற நேரம் இருந்தவர்களுக்கு வழி கிடைக்க வாய்ப்பு இருந்தது. லைனை விட்டு நகர முடியாதவர்களுக்கு அந்த வாய்ப்பே இல்லை.

பதினைந்து மெஷினுக்குள் இருந்தால், ஒன்றிரண்டு கம்பெனிக்கு மட்டும் ஒரே வகைத் துணி தைத்தால், இந்த வழியே சரி. அப்போதும் கணக்குக்கு வாரம் இரண்டு நாள் வந்துபோகும் ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள்.

## இரண்டு: குடும்பத்தில் ஒருவர்

பண விஷயத்தில் நம்பிக்கை, ராத்திரி பன்னிரண்டு மணிக்கு லோடு ஏற்றவும் தயங்காத மனம், தொழில் கைவிட்டுப் போகாது என்ற நிம்மதி. இவை மூன்றும் வெளியாளிடம் விலைக்குக் கிடைக்காது. தயக்கம் இருப்பவர்கள்கூட இதனால்தான் கடைசியில் தம்பியையோ மைத்துனரையோ கூப்பிடுகிறார்கள்.

ஆனால் இந்த வழியில் பிரிவதுதான் மிகக் கடினம். வேலைக்காரரை நிறுத்தினால் ஒரு நாற்காலி காலியாகும். தம்பியை நிறுத்தினால் அடுத்த சீர், அடுத்த கல்யாணம், அம்மாவின் முகம் எல்லாம் மாறிவிடும். ஆகவே குடும்பத்தினர் என்றால் காகிதம் வேண்டாம் என்பது தலைகீழான யோசனை. குடும்பத்தினர் என்பதால்தான் காகிதம் வேண்டும்.

அவரைப் பங்குதாரராக்கினால் சட்டம் என்ன நினைக்கிறது என்று தெரிந்துகொண்டால் இது விளங்கும். 1932-ஆம் ஆண்டின் கூட்டாண்மைச் சட்டப்படி, பத்திரத்தில் வேறுவிதமாக எழுதாவிட்டால் லாபமும் நஷ்டமும் எல்லோருக்கும் சமபங்கு. உழைப்புக்குத் தனிச் சம்பளம் கேட்கும் உரிமை கிடையாது. ஒரு பங்குதாரர் தொழிலுக்காகச் செய்த ஒப்பந்தம் மற்றவரையும் கட்டும், அதனால் வரும் கடன் அவருடைய சொந்தச் சொத்து வரைக்கும் துரத்தி வரும். பதிவு செய்யாத கூட்டு நிறுவனம் தனக்கு வர வேண்டிய பாக்கிக்காக மூன்றாம் நபர்மீது வழக்குப் போட முடியாது. பங்குதாரர் ஒருவர் இறந்தால், வேறு ஏற்பாடு எழுதியிருந்தால் ஒழிய, நிறுவனமே கலைந்துவிடும். காலை ஏழு மணிக்கு வந்து ராத்திரி பத்துக்குப் போகும் அண்ணனும், மாதம் ஒரு முறை எட்டிப்பார்க்கும் தம்பியும் சட்டத்தின் கண்ணில் சமம். மனத்தாங்கலுக்கு இதைவிட வேறு விதை வேண்டாம்.

ஆகவே யாருக்கு எந்தக் கட்டு, யாருக்கு மாதம் எவ்வளவு, ஒருவர் விலகினால் அவருடைய பங்கை எப்படி மதிப்பிடுவது என்று எழுதிவிட வேண்டும். பங்குதாரருக்குத் தரும் சம்பளமும் வட்டியும் சேர்ந்து ஆண்டுக்கு 20,000 ரூபாயைத் தாண்டினால் 10 சதவீத வரி பிடித்தம் செய்யும் விதி 2025 ஏப்ரல் முதல் இருக்கிறது. சொந்தச் சொத்தைத் தொழில் கடனிலிருந்து தள்ளி வைக்க நினைப்பவர்கள் 2008-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் வரும் வரையறுக்கப்பட்ட பொறுப்புக் கூட்டாண்மையைப் பற்றி ஆடிட்டரிடம் கேட்கலாம்.

பத்திரத்தில் எழுத முடியாதது ஒன்று இருக்கிறது: இரட்டை உத்தரவு. பெரியவர் ஒரு ஸ்டைலை முதலில் முடிக்கச் சொல்லுவார், சின்ன முதலாளி வேறொன்றைச் சொல்லுவார். லைனில் இருப்பவர்கள் தங்களுக்கு வசதியான உத்தரவை எடுத்துக்கொள்வார்கள். மகனோ மகளோ வருவதாக இருந்தால் முதலில் வேறொருவர் யூனிட்டில் ஒரு வருடமாவது சம்பளத்துக்கு வேலை செய்யட்டும். பின்னலாடைத் தொழிலைப் படிக்கத் திருப்பூரிலேயே நிஃப்ட்-டீ கல்லூரி இருக்கிறது. ஆனாலும் செக்கிங் மேஜையில் நின்று பார்க்காத படிப்பு லைனில் மதிப்புப் பெறாது.

ஒன்றைச் சொல்லாமல் போக முடியவில்லை. எத்தனையோ யூனிட்டுகளில் இந்த இரண்டாவது நாற்காலியில் ஏற்கெனவே ஒருவர் இருக்கிறார். கூலிக் கவரை எண்ணுவது, செக்கிங் பெண்களின் குறைகளைக் கேட்பது, ஜி.எஸ்.டி. தேதியை நினைவில் வைத்திருப்பது எல்லாம் முதலாளியின் மனைவிதான். அவருக்குப் பதவியும் கிடையாது, சம்பளமும் கிடையாது, வங்கியில் கையெழுத்தும் கிடையாது. ஆள் தேடிக்கொண்டிருப்பவர் முதலில் வீட்டுக்குள் பார்த்து, அவருடைய சம்மதத்தோடு அந்தப் பொறுப்புக்கு ஒரு பெயரும் பங்கும் கொடுக்கலாம்.

## மூன்று: உள்ளே வளர்ந்த சூப்பர்வைசர்

என் சாய்வு இந்தப் பக்கம்தான், மறைக்கவில்லை. எந்த டைலர் எந்த ஆபரேஷனில் வேகம், எந்த மெஷின் மழை நாளில் மக்கர் செய்யும், எந்தக் கம்பெனியின் செக்கர் எதைப் பார்ப்பார் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். வேறு ஊரிலிருந்தும் வேறு மாநிலத்திலிருந்தும் வந்திருக்கும் தொழிலாளர்களுக்கு அவர் முகம் பழக்கமானது. திருப்பூரின் முதலாளிகளில் பலரே ஒரு காலத்தில் டைலராகவோ கட்டிங் மாஸ்டராகவோ இருந்தவர்கள். தளத்திலிருந்து தலைமை வருவது இந்த ஊருக்குப் புதிதில்லை.

ஆனால் முதலாளிகள் இதில் செய்யும் தவறுகள் சிறியவை இல்லை. மிக வேகமாகத் தைப்பவரையே மேலே தூக்குவது முதல் தவறு. வேகமாகத் தைப்பது ஒரு திறமை, முப்பது பேரைத் தைக்க வைப்பது வேறொரு திறமை. சண்டை வந்தால் இரண்டு பக்கமும் யாரிடம் போகிறது என்று பாருங்கள். அந்த ஆள் சுமாரான டைலராகக்கூட இருக்கலாம்.

அடுத்தது வருமானம். பீஸ் ரேட்டில் இருப்பவர் சீசனில் சம்பாதிப்பதை மாதச் சம்பளம் எட்டாமல் போகலாம். மேனேஜர் என்ற பெயரோடு வருமானம் குறைந்தால் அவர் வீட்டில் அதைப் பதவி உயர்வு என்று யாரும் நம்ப மாட்டார்கள். போன ஆண்டு பன்னிரண்டு மாதக் கூலியையும் கூட்டி, அதற்கு மேல் சம்பளத்தை வையுங்கள்.

மூன்றாவது விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. இ.எஸ்.ஐ. பாதுகாப்புக்கான மாதச் சம்பள வரம்பு 2017 முதல் 21,000 ரூபாய். சூப்பர்வைசரின் சம்பளத்தை 26,000 ஆக உயர்த்தினால், நடப்புப் பங்களிப்புக் காலம் முடிந்ததும் அவரும் அவர் குடும்பமும் இ.எஸ்.ஐ. மருத்துவமனையின் வாசலுக்கு வெளியே நிற்பார்கள். வீட்டில் சர்க்கரை நோயாளியோ டயாலிசிஸ் செய்துகொள்பவரோ இருந்தால் ஐயாயிரம் ரூபாய் உயர்வு அதற்கு ஈடாகாது. உயர்வு கொடுக்கும் அதே மாதம் குடும்பத்துக்கு மருத்துவக் காப்பீடும் எடுத்துக் கொடுப்பது முதலாளியின் கடமை என்றே சொல்வேன்.

பணிக்கொடையும் (கிராஜுவிட்டி) ஏறும். கடைசியாக வாங்கிய சம்பளத்தை வைத்து, ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் கூலி, மாதத்துக்கு 26 நாள் என்று கணக்கிடுவார்கள். பன்னிரண்டு வருடம் வேலை செய்தவருக்கு அடிப்படைச் சம்பளம் 15,000 என்றால் சுமார் 1,03,800 ரூபாய். அதுவே 24,000 ஆனால் சுமார் 1,66,200. கடந்துபோன வருடங்களுக்கும் சேர்த்து உயரும். அது அவருடைய உரிமை. நீங்கள் செய்ய வேண்டியது, இன்றைக்கே அதற்கு ஒரு தொகையை ஒதுக்கத் தொடங்குவது.

பெரிய பயம் ஒன்று எல்லோருக்கும் உண்டு: “தொழிலைக் கற்றுக்கொண்டு தனியாகப் போய்விட்டால்?” போகலாம். போகும்போது பத்து டைலர்களும் கூடவே போகலாம். ஆட்களைத் தானே பிடித்துவரும் கான்ட்ராக்டராக அவர் இருந்தால் நிச்சயம் போவார்கள். ஆகவே கூலியைக் கான்ட்ராக்டர் கையில் மொத்தமாகக் கொடுக்காமல் ஒவ்வொருவர் வங்கிக் கணக்கிலும் நேராகப் போடுங்கள், பி.எஃப். எண்ணும் உங்கள் நிறுவனத்தின்கீழ் இருக்கட்டும். அதையும் மீறிப் போனால் சண்டையில்லாமல் அனுப்புங்கள். சீசனில் உங்களால் முடிக்க முடியாத பீஸ்களை நம்பித் தைக்கக் கொடுக்க, உங்கள் தரம் தெரிந்த ஒரு யூனிட் பக்கத்துத் தெருவில் இருப்பது நல்லதுதான்.

## நான்கு: வெளியிலிருந்து மேனேஜர்

பெரிய ஏற்றுமதி நிறுவனத்தில் பத்து வருடம் இருந்தவர், ஆங்கிலத்தில் மெயில் எழுதுவார், புரொடக்‌ஷன் பிளானிங் தெரியும். ஜாப் ஒர்க்கிலிருந்து நேரடி ஆர்டருக்கு மாறப் போகிறவர்களுக்கு இவர் தேவை. தொழிலாளர்களை எப்படி நடத்துகிறோம் என்று சோதிக்க வெளிநாட்டு வாங்குபவர்கள் கேட்கும் செடெக்ஸ், பி.எஸ்.சி.ஐ. போன்ற சோஷியல் ஆடிட்டுகளுக்கு வருகைப் பதிவேடு, கூலிப் பதிவேடு, தீயணைப்பு ஏற்பாடு எல்லாம் ஒழுங்காக இருக்க வேண்டும். பழகிய கை இல்லாமல் அது நடக்காது.

செலவைப் பீஸில் கணக்கிட்டுப் பாருங்கள். மாதம் 35,000 ரூபாய் என்றால் வருடத்துக்கு 4,20,000. ஒரு பீஸுக்குச் செலவு போக 2 ரூபாய் மிஞ்சுகிறது என்று வைத்துக்கொண்டால், அவர் சம்பளத்துக்கு மட்டும் மாதம் 17,500 பீஸ் கூடுதலாக ஓட வேண்டும். அந்த அளவு ஆர்டர் கையில் இருக்கிறதா? இல்லை, அவர் வந்து கொண்டுவருவார் என்ற நம்பிக்கைதானா?

அங்கே அவருக்குக் கீழே தரத்துக்கு ஒரு துறை, ஆட்களுக்கு ஒரு துறை, மெர்ச்சண்டைசிங்குக்கு ஒரு துறை இருந்திருக்கும். இங்கே நூல் கோன் தீர்ந்தால் அவரே போய் எடுத்து வர வேண்டும். முதல் ஆறு மாதம் டைலர்கள் அவரைச் சோதிப்பார்கள். அந்த நேரத்தில் முதலாளி ஒரு முறை அவர் தலைக்கு மேல் ஒரு டைலருக்கு லீவு கொடுத்துவிட்டால் அத்துடன் கதை முடிந்தது. பிரிவது இந்த வழியில் சுலபம், ஒரு மாத நோட்டீஸ் போதும். ஆனால் உங்கள் ரேட்டும், ஆர்டர் கொடுப்பவர்களின் விவரமும் அவரோடு வெளியேறும்.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | நானே | குடும்பத்தவர் | சூப்பர்வைசர் | வெளி மேனேஜர் |
|---|---|---|---|---|
| முதலாளி இல்லாத நாளில் | வேலை நிற்கும் | ஓடும் | தளம் ஓடும், பண முடிவு காத்திருக்கும் | முதல் ஆறு மாதம் தடுமாறும் |
| லைனில் மதிப்பு | உண்டு | பயம் உண்டு, மதிப்பு சம்பாதிக்க வேண்டும் | ஏற்கெனவே உண்டு | பூஜ்யத்திலிருந்து |
| பணத்தில் நம்பிக்கை | கேள்வி இல்லை | அதிகம், கணக்கு எழுதினால் | சிறு தொகை வரை | கட்டுப்பாட்டோடு |
| மறைந்த செலவு | வசூல் தாமதம், கைவிட்ட ஆர்டர் | இரட்டை உத்தரவு, பங்குத் தகராறு | மருத்துவக் காப்பீடு, பணிக்கொடை | கூடுதல் ஆர்டர் கட்டாயம் |
| பிரிவது | பொருந்தாது | மிகக் கடினம் | வருத்தத்தோடு முடியும் | சுலபம், தகவல் கசியும் |
| பொருந்தும் இடம் | 15 மெஷின் வரை | அடுத்த தலைமுறைக்குத் தொழில் போக வேண்டும் என்றால் | 20 முதல் 60 மெஷின் ஜாப் ஒர்க் | நேரடி ஆர்டர், ஆடிட் |

## நான் சொல்வது

நாற்பது மெஷின் ஜாப் ஒர்க் யூனிட்டுக்கு ஒரே ஆளைத் தேட வேண்டாம். தளத்தையும் ஆட்களில் பாதியையும் சூப்பர்வைசரிடம் கொடுங்கள். பில், வசூல், ஜி.எஸ்.டி. மூன்றுக்கும் குடும்பத்தில் ஒருவர், இல்லாவிட்டால் சம்பளத்துக்கு ஒரு கணக்காளர். ரேட்டும் டெலிவரி வாக்கும் உங்களிடமே இருக்கட்டும், ஆனால் தேதி சொல்வதற்கு முன் சூப்பர்வைசரைக் கேட்காமல் சொல்லாதீர்கள். வாக்குக் கொடுப்பவர் ஒருவர், ராத்திரி முழுக்க நின்று அதைக் காப்பாற்றுபவர் இன்னொருவர் என்றால் இரண்டாமவர் அதிக நாள் தாங்க மாட்டார்.

கொடுக்கும் அதிகாரத்தை ரூபாயில் எழுதுங்கள். ஊசி, எண்ணெய், மெக்கானிக் கூலி போன்றவற்றுக்கு ஒரு தடவைக்கு 3,000 ரூபாய் வரை கேட்காமல் செலவு செய்யலாம். டைலருக்கு 2,000 வரை அட்வான்ஸ் தரலாம். தரம் சரியில்லை என்றால் லைனை நிறுத்தலாம், அதற்கு யாரும் திட்டக் கூடாது. புதிய ஆளைச் சேர்க்கலாம், நிறுத்துவதானால் உங்களோடு பேச வேண்டும். தொகைகள் உங்கள் யூனிட்டுக்கு ஏற்ப மாறட்டும். ஒரு பக்கத்துக்கு மேல் போகாமல், அந்தக் காகிதம் டைம் ஆபீஸ் சுவரில் எல்லோரும் படிக்கும்படி ஒட்டியிருக்கட்டும்.

செக்கில் கையெழுத்துப் போடும் உரிமையை மட்டும் சூப்பர்வைசருக்குக் கொடுக்காதீர்கள். அவர்மீது சந்தேகத்தால் சொல்லவில்லை. செக் திரும்பினால் 1881-ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டப்படி வரும் குற்ற வழக்கில் கையெழுத்துப் போட்டவரும் நிற்க வேண்டி வரலாம், இரண்டு ஆண்டு வரை சிறைத் தண்டனைக்கு இடமிருக்கிறது. உங்கள் கணக்கில் பணம் இல்லாததற்கு அவர் ஏன் கோர்ட்டுக்கு அலைய வேண்டும்? ஆன்லைன் வங்கியில் ஒருவர் பதிவு செய்ய, இன்னொருவர் ஒப்புதல் தரும் வசதியைக் கேட்டு வாங்குங்கள். கணக்காளர் பதியட்டும், நீங்கள் ஒப்புதல் கொடுங்கள். திருட்டுக்கு மட்டுமில்லாமல் கைத்தவறுக்கும் அது தடை.

மாற்றத்தைத் தீபாவளிக்கு முந்தைய இரண்டு மாதத்தில் தொடங்க வேண்டாம். உள்நாட்டு ஆர்டர் உச்சத்தில் இருக்கும், போனஸ் பேச்சும் அப்போதுதான் வரும். விடுமுறை முடிந்து ஆட்கள் ஊரிலிருந்து திரும்பி, லைன் முழுதாக நிரம்பிய வாரத்தில் எல்லோரையும் நிற்க வைத்து அறிவியுங்கள். அடுத்த தீபாவளிக்குப் போனஸ் பேசும்போது புதிய மேனேஜரை உங்கள் பக்கத்தில் உட்கார வையுங்கள். குறைந்தபட்சம் 8.33 சதவீதம், அதிகபட்சம் 20 என்ற சட்ட வரம்புக்குள் யூனிட்டால் எவ்வளவு முடியும் என்பதை முன்கூட்டியே அவரிடம் கணக்கோடு காட்டிவிடுங்கள். அதற்கடுத்த ஆண்டு பேச்சை அவரே நடத்தட்டும். நீங்கள் அந்த நேரத்தில் வசூலுக்குப் போய்விடலாம்.